ஜெவோதான் மிருக வேட்டை: ‘வானிதாஸ் நோ கார்ட்டே’ அனிமேயை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தக்காட்டேரி அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) என்றதும் ரெண்டு பல், ஒரு கறுப்பு அங்கி, ஒரு பழைய கோட்டை, அவ்வளவுதானே என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. ‘வானிதாஸ் நோ கார்ட்டே’யில் அந்த மூன்றும் இருக்கின்றன. ஆனால் அதன் இரண்டாம் பாதியில் வரும் ஜெவோதான் கதைக்கு அடியில் நிஜமான ஒரு வழக்கு கிடக்கிறது. 1764 முதல் 1767 வரை தெற்கு பிரான்சின் மலைக்காட்டில் ஏதோ ஒரு மிருகம் சுமார் நூறு பேரைக் கொன்றது. ராஜாவின் படையே போயும் அதை அடக்க முடியவில்லை. இந்தச் சம்பவம் தெரியாமல் அந்தப் பகுதியைப் பார்த்தால் அழகான சண்டைக் காட்சிகள் தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தால், மிருகத்தைவிட அதைத் துரத்துகிறவர்களைத்தான் கவனிக்கத் தோன்றும்.

இந்த வழிகாட்டியில் பெரிய முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. யார் மிருகம், ஏன் மிருகம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: என்ன பார்க்கப் போகிறோம்

மூலம், ஜுன் மோச்சிசுகி 2015 டிசம்பரில் தொடங்கிய மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. அனிமேயாக எடுத்தது போன்ஸ் ஸ்டூடியோ, இயக்கம் தொமோயுகி இதாமுரா, இசை யுகி காஜியுரா. மொத்தம் 24 எபிசோட். முதல் 12 எபிசோடுகள் 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், அடுத்த 12 எபிசோடுகள் 2022 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் ஒளிபரப்பாயின. ஜெவோதான் கதை இரண்டாம் பாதியின் முதல் எபிசோடிலேயே, அதாவது 13இல், தொடங்கி 19 வரை போகிறது.

மிருக வேட்டைதான் வேண்டும் என்று நேரே 13க்குத் தாவலாமா? வேண்டாம். பெயர் என்றால் என்ன, சாபம் என்றால் என்ன என்று இந்தக் கதை தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது பிடிபடாமல் ஜெவோதானுக்குப் போனால், முக்கியமான இடத்தில் ஒருவர் ஏன் அழுகிறார் என்றே புரியாது.

ஜப்பானியக் குரலோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதே என் சிபாரிசு. கதாநாயகன் வானிதாஸாக நட்சுகி ஹனாயே பேசுகிறார். ஒரே வாக்கியத்தில் கிண்டலில் ஆரம்பித்து வெறுப்பில் போய் நிற்பார். அதை டப்பிங்கில் கொண்டுவருவது கஷ்டம்.

படி 2: முதல் 12 எபிசோடில் எதைப் பிடித்துக்கொள்வது

காலம் 19ஆம் நூற்றாண்டு, இடம் பாரிஸ். ஆனால் நமக்குத் தெரிந்த பாரிஸ் இல்லை. வானத்தில் கப்பல் பறக்கிறது. அஸ்டர்மைட் என்ற கல்லின் சக்தியில் இயந்திரங்கள் ஓடுகின்றன. பாரசெல்சஸ் என்ற ரசவாதி செய்த சோதனை தவறிப்போய் உலகத்தின் சூத்திரமே மாற்றி எழுதப்பட்டது என்பது கதையின் அடிப்படை. அந்த விபத்துக்குப் பெயர் பாபேல். அதில் உருமாறிய மனிதர்கள்தான் ரத்தக்காட்டேரிகள்.

ஒவ்வொரு ரத்தக்காட்டேரிக்கும் ஒரு ‘உண்மைப் பெயர்’ உண்டு. உயிரே அதில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை யாராவது கெடுத்துவிட்டால் அவர் சாபம் பிடித்தவராகி, தன்னை மறந்து ரத்தத்துக்கு அலைவார். சாபம் பிடித்தவரைக் கொல்வதுதான் வழக்கம். வானிதாஸ் என்ற மனிதன், நீலநிலவின் ரத்தக்காட்டேரியிடமிருந்து வந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, “நான் டாக்டர், குணப்படுத்துகிறேன்” என்று கிளம்புகிறான். ரத்தக்காட்டேரிகள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, வைத்தியம் உண்டு.

அவனோடு சேர்பவன் நோயே என்ற இளம் ரத்தக்காட்டேரி. ஒருவருடைய ரத்தத்தைக் குடித்தால், அவருடைய நினைவுகளைப் பார்க்கும் வம்சத்தில் பிறந்தவன். முதல் எபிசோடின் முடிவில் நோயே சொல்லும் ஒரு வரியைத் தவறவிடாதீர்கள்: இந்தப் பயணத்தின் கடைசியில் வானிதாஸைத் தன் கையாலேயே கொல்லப் போவதாக அவனே சொல்கிறான். அதற்கப்புறம் இருவரும் போடும் ஒவ்வொரு சண்டையும், பண்ணும் ஒவ்வொரு லூட்டியும் அந்த வரிக்குக் கீழேதான் நடக்கிறது.

முதல் பாதியில், ரத்தக்காட்டேரிகளின் உலகமான அல்டஸில் நடக்கும் முகமூடி விருந்தும் பாரிஸின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கப் பகுதியும்தான் முக்கியம். விருந்தில் நோயேவின் பழைய காயம் வெளிவருகிறது. சுரங்கத்தில் ஷாஸர் என்ற தேவாலய வேட்டைக்காரர்களை முதன்முதலாகச் சந்திக்கிறோம். ரோலான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவன் எப்படி யோசிக்கிறான் என்று பார்த்துவையுங்கள். பின்னால் ஜெவோதானில் அஸ்டோல்ஃபோ வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ரோலான், அஸ்டோல்ஃபோ இரண்டுமே ஷார்லமேன் பேரரசனின் வீரர் கதைகளில் வரும் பெயர்கள். எழுத்தாளர் இப்படித்தான் எங்கும் விதைத்துவைத்திருக்கிறார். ருத்வென் பிரபு என்ற பெயர் 1819இல் ஜான் பொலிடோரி எழுதிய ரத்தக்காட்டேரிக் கதையிலிருந்து வந்தது. ஓர்லோக் பிரபு 1922இன் ஜெர்மன் மௌனப் படத்திலிருந்து. தெரியாவிட்டாலும் கதை புரியும். தெரிந்தால் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை. ரத்தம் குடிக்கும் காட்சிகளை இந்தத் தொடர் வேண்டுமென்றே காமம் கலந்துதான் எடுத்திருக்கிறது. ஆரம்பத்தில் வானிதாஸ், ஜேன் என்ற ரத்தக்காட்டேரிப் பெண்ணிடம் நடந்துகொள்ளும் விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. காதல் நகைச்சுவை என்ற பெயரில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் வரும் சிலருடைய கடந்தகாலத்தில் குழந்தைகள் மீதான கொடுமையும் உண்டு. வீட்டு ஹாலில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கும் தொடர் இல்லை.

படி 3: 12க்கும் 13க்கும் நடுவே நிறுத்தி, இந்தச் சரித்திரத்தைப் படியுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜெவோதான் பழைய மாகாணம் ஒன்றின் பெயர். இன்று பெரும்பகுதி லோஸேர் மாவட்டத்தில் இருக்கிறது, வடக்கு ஓரம் ஓத்-லுவாரில். மலை, கருங்கல், பைன் காடு, நீண்ட குளிர். ஆடுமாடு மேய்ப்பதுதான் பிழைப்பு. மேய்ச்சலுக்குப் போவது பெரும்பாலும் பிள்ளைகளும் பெண்களும். துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்கள் குறைவு. கையில் ஒரு கம்பு, அதன் நுனியில் கட்டிய கத்தி, அவ்வளவுதான் ஆயுதம்.

பதிவேட்டில் இருக்கும் முதல் பலி ஜேன் பூலே, 14 வயதுச் சிறுமி. தேதி 1764 ஜூன் 30. அதன்பின் மாதாமாதம் சாவு. இலையுதிர் காலத்தில் துயெமெல் என்ற படைத்தலைவரின் கீழ் குதிரைப்படை வந்தது. மிருகம் பெண்களைத்தான் தேடுகிறது என்று நினைத்து, சிப்பாய்களுக்குப் பெண் வேடம் போட்டுக் காட்டுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். மிருகம் ஏமாறவில்லை. 1765 பிப்ரவரியில் சுமார் 20,000 பேரைத் திரட்டி ஊரே கூடிக் காட்டை வளைத்தார்கள். அப்போதும் தப்பியது.

இதில் ஒரு நாளை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம்: 1765 ஜனவரி 12, வில்லரே என்ற ஊர். ஏழு பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஐந்து பையன்களும் இரண்டு பெண்களும். மூத்தவர்களுக்கே பன்னிரண்டு வயதுதான். மிருகம் வந்து சுற்றுகிறது. பிள்ளைகள் நெருங்கி நின்று கம்பை நீட்டுகிறார்கள். ஒரு சின்னப் பையனின் கன்னத்தைக் கடித்துப் பிய்க்கிறது. இன்னொருவனைக் கவ்விச் சேற்று நிலத்துக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அவனை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்கிறது ஒரு குரல். ஜாக் போர்த்தஃபே என்ற பையன் மறுக்கிறான். துரத்திப் போய், சேற்றில் கால் புதைந்த மிருகத்தின் முகத்தையும் கண்ணையும் குறிவைத்துக் குத்துகிறார்கள். அது பையனைப் போட்டுவிட்டுப் போகிறது. செய்தி வெர்சாய் அரண்மனை வரை போனது. பதினைந்தாம் லூயி, போர்த்தஃபேவுக்கு 300 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்து, அவன் படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டார். அவன் பின்னாளில் பீரங்கிப்படை அதிகாரியானான்.

ராஜாவுக்கு இதில் என்ன அக்கறை? ஏழாண்டுப் போரில் தோற்று 1763இல்தான் பிரான்ஸ் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. தன் நாட்டுக்குள்ளேயே ஒரு விலங்கை அடக்க முடியவில்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கிண்டல் செய்தன. உள்ளூரில் ‘கூரியே தாவின்யோன்’ பத்திரிகைக்கோ போர்ச் செய்தி தீர்ந்துபோயிருந்தது, மிருகம் விற்றது. மான்ட் நகர ஆயர் 1764 கடைசியில் தம் மக்களுக்கு விடுத்த மடலில், இது பாவங்களுக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றார். ஆக, அரசு, தேவாலயம், பத்திரிகை மூன்றுக்கும் ஒரே ஒரு பெரிய மிருகம் வசதியாக இருந்தது. பசியோடு அலையும் பல ஓநாய்கள் என்று யாரும் கேட்கத் தயாராக இல்லை.

அடுத்து நார்மண்டியிலிருந்து தெனெவால் என்ற ஓநாய் வேட்டைக்காரரும் அவர் மகனும் மோப்ப நாய்களோடு வந்து சில மாதம் அலைந்தார்கள். அவர்களாலும் ஆகவில்லை. 1765 ஜூனில் ராஜா தன் சொந்த வேட்டை அதிகாரியான ஃபிரான்சுவா அந்துவானையே அனுப்பினார். ஆகஸ்டில் மரி-ஜேன் வாலே என்ற பணிப்பெண், ஈட்டி முனையை மிருகத்தின் மார்பில் பாய்ச்சித் தன்னையும் தங்கையையும் காப்பாற்றிக்கொண்டாள். செப்டம்பரில் ஷாஸ் மடத்துக் காட்டில் அந்துவான் ஒரு ராட்சத ஓநாயைச் சுட்டார்: தோள் உயரம் 80 சென்டிமீட்டர், நீளம் 1.7 மீட்டர், எடை ஏறக்குறைய 60 கிலோ. பாடம் செய்து வெர்சாய்க்கு அனுப்பியாயிற்று, பரிசும் பட்டமும் ஆயிற்று, மிருகம் செத்தது என்று அறிவித்தாயிற்று.

டிசம்பரில் சாவுகள் மறுபடி தொடங்கின. இந்த முறை வெர்சாயிலிருந்து யாரும் வரவில்லை. அதிகாரபூர்வமாகச் செத்துப்போன மிருகத்துக்கு எதற்கு இன்னொரு படை? இன்னும் ஒன்றரை வருடம் அந்த ஊர்கள் தனியாகவே கிடந்தன.

கடைசியில் உள்ளூர்ப் பிரபுவான இளம் மார்க்கீ தாப்ஷியே ஏற்பாடு செய்த வேட்டையில், 1767 ஜூன் 19 அன்று, மோன் மூஷே மலைச்சரிவில் ஜான் ஷாஸ்டெல் என்பவர் ஒரு பெரிய விலங்கைச் சுட்டார். அத்தோடு சாவு நின்றது. இந்த ஷாஸ்டெல் ஒன்றும் புனிதர் இல்லை. 1765இல் அந்துவானின் ஆட்களோடு தகராறு செய்து, மகன்களோடு சிறையில் இருந்தவர். அவருக்குக் கிடைத்த சன்மானம் 72 லிவ்ர். வெள்ளிக் குண்டால் சுட்டார் என்பதெல்லாம் பிற்காலக் கதாசிரியர்கள் கோத்தது. விலங்கை மார்க்கீயின் பெஸ்க் மாளிகைக்குக் கொண்டுபோய், மாரேன் என்ற நோட்டரி அளவெடுத்து எழுதிய அறிக்கை 1958இல் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஓநாயா, ஓநாயும் நாயும் கலந்ததா, வெளிநாட்டு விலங்கா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஓநாய்கள் பக்கம்; நானும் அந்தப் பக்கம்தான்.

படி 4: இரண்டு குடும்பப் பெயர்களை மனதில் வையுங்கள்

தாப்ஷியே, ஷாஸ்டெல். ஒன்று வேட்டையை நடத்திய பிரபு வீடு. மற்றது சுட்டவருடைய வீடு.

அனிமேயில் பனிசூழ்ந்த கோட்டை ஒன்றில் க்ளோயி தாப்ஷியே என்ற ரத்தக்காட்டேரி இருக்கிறாள், பார்ப்பதற்குச் சின்னப் பெண். அவள் பக்கத்தில் ஜான்-ஜாக் ஷாஸ்டெல் என்ற இளைஞன். சரித்திரம் தெரிந்தவருக்கு இந்த ஒரே காட்சி போதும், வயிற்றைப் பிசையும். வேட்டையாடிய வீட்டின் பெயர் இங்கே ரத்தக்காட்டேரிக்கு. சுட்டவனின் பெயர் அவளுக்குக் காவலாக நிற்பவனுக்கு. இருவருமே கதைக்காக உருவாக்கப்பட்ட பாத்திரங்கள். ஆனால் பெயர்கள் சும்மா வைக்கப்படவில்லை. முதல்தடவை இந்தப் பகுதியைப் பார்க்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

படி 5: 13 முதல் 19 வரை, இரண்டு அமர்வில்

ஏழு எபிசோடும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நீண்ட படத்தின் அளவு. வாரத்துக்கு ஒன்று என்று இழுத்தால் நூல் அறுந்துவிடும். 13 முதல் 16 வரை ஒரு ராத்திரி, மீதி மூன்றும் மறுநாள் ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வில் கவனிக்க வேண்டியது இடமும் காலமும். வானிதாஸும் நோயேயும் 19ஆம் நூற்றாண்டு ஜெவோதானுக்குப் போகிறார்கள். மிருகம் திரும்பி வந்துவிட்டதாகப் பேச்சு. காட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் மாறி, பனி கொட்டுகிறது, சுற்றியிருப்பது பழைய நூற்றாண்டு. எப்படி என்று உடனே குழம்பாதீர்கள்; ‘சூத்திரத்தை மாற்றி எழுதுவது’ என்று படி 2இல் பார்த்தோமே, அதுதான் சாவி. பனியும் மரமும் தவிர ஒன்றுமில்லாத அகலமான காட்சிகளை இதாமுரா அசையாமல் நிறுத்திவைப்பார். அங்கே காஜியுராவின் இசை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே, யார் யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் நல்லது. வானிதாஸ் குணப்படுத்த வந்திருக்கிறான். ஜேன், ருத்வென்னின் கட்டளைப்படி வந்திருக்கிறாள். அவளுக்கு இந்த மண்ணோடு பழைய உறவு உண்டு. அஸ்டோல்ஃபோ, தேவாலயத்தின் பெயரால் கொல்ல வந்திருக்கிறான். ஒரே மிருகத்துக்கு மூன்று நோக்கம். 1765இல் துயெமெலும் தெனெவாலும் அந்துவானும் ஒருவர் வேட்டையை ஒருவர் கெடுத்துக்கொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்டோல்ஃபோவைப் பற்றி மட்டும் கொஞ்சம். பார்க்க அழகான சிறுவன், கையில் லூயிஸெட் என்ற ஆயுதம், பேச்சில் மரியாதை, செயலில் வெறி. எனக்குத் தெரிந்து பலர் அவனை வெறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். அவனுடைய கதையை அனிமே துண்டுதுண்டாகத்தான் தருகிறது, காத்திருங்கள். படி 2இல் ரோலானைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்குத்தான். ஒரே தேவாலயம், ஒரே சீருடை, நம்பிக்கை மட்டும் இரண்டு திசையில்.

இரண்டாம் அமர்வு முழுக்க க்ளோயியுடையது. வானிதாஸ் குணப்படுத்துவதற்கு ஒருவருடைய உண்மைப் பெயர் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அந்தப் பெயரை ஒருவர் விரும்பியே கொடுத்திருந்தால் டாக்டர் என்ன செய்வார்? 17க்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். வானிதாஸ் சீண்டலையும் சிரிப்பையும் விட்டுவிட்டுப் பேசும் இடம் ஒன்று வரும். தொடரின் உச்சம் அதுதான் என்பது என் கருத்து. 24ஆம் எபிசோடை உச்சம் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

19 முடிந்ததும் உடனே 20ஐப் போடாதீர்கள். 20 முழுக்க லேசான காதல் கலாட்டா; அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டுமே கெடும்.

படி 6: மீதி எபிசோடுகளும் மாங்காவும்

கடைசி எபிசோடுகள் வானிதாஸின் கடந்தகாலத்துக்குள் போகின்றன. ஜெவோதானில் அவன் நடந்துகொண்ட விதத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அதனால் அதை வேறு கதையாக நினைக்காமல் தொடர்ச்சியாகப் பாருங்கள்.

அனிமே நின்ற பிறகும் மாங்கா தொடர்ந்தது. ஆங்கிலத்தில் யென் பிரஸ் வெளியிடுகிறது. 24ஆம் எபிசோடுக்குப் பிந்தைய அத்தியாயத்திலிருந்து படிக்கலாம் என்று தோன்றும். ஜெவோதான் பகுதியையாவது மறுபடி மாங்காவில் படியுங்கள் என்பேன். மோச்சிசுகி உடைகளின் லேஸ் வேலைப்பாட்டையும் கோட்டையின் சுவர்களையும் வரையும் நுணுக்கம் அசையும் படத்தில் முழுதாக வராது. பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே நிற்க வைக்கும் சில முழுப்பக்கப் படங்கள் உண்டு.

படி 7: பிரான்சில் இருப்பவர்களுக்கு

பாரிஸில் இருக்கும் நம்மவர்கள் ஒரு வார இறுதியில் போய்வரலாம். பெர்சி நிலையத்திலிருந்து கிளெர்மோன்-ஃபெரான் வரை நேரடி ரயில், சுமார் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பதுதான் வசதி. மலைக் கிராமங்களுக்குப் பேருந்தை நம்பிப் போனால் நாள் போய்விடும். சோக் ஊரில் மிருகத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் உண்டு. திறந்திருக்கும் மாதங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஓவேர் கிராமத்தில் மரி-ஜேன் வாலே ஈட்டியோடு மிருகத்தை எதிர்த்து நிற்கும் சிலை இருக்கிறது, லா பெஸேர்-சேன்-மரியில் ஜான் ஷாஸ்டெலுக்கு நினைவுக்கல். இரண்டையும் ஒரே நாளில் காரில் பார்த்துவிடலாம். குளிர்காலத்தில் போவதானால் டயருக்குச் சங்கிலி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துப் பனி அனிமேக்காகக் கூட்டி வரைந்தது இல்லை.